இருபத்து மூன்றாம் எண், நிலை: நன்று

ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டுத் தலைகளும் முப்பத்தொன்பது குரல்களும் இருந்தன. விரிவாக்க மேம்பாட்டுத் திட்டம் அந்தப் பள்ளிக்கு வந்த இரண்டாவது வருடம், வகுப்புகள் தொடங்கிய ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், அந்த வருடத்தின் முதல் எண்ணிக்கையில், இது தெரியவந்தது. கண்டுபிடித்தவள் திட்ட அலுவலகத்தின் கணக்கெடுப்பாளர். பதினோரு பள்ளிகளுக்கு அவள் ஒருத்திதான். பிள்ளைகள் அவளுக்குத் தலையெண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுடைய ஸ்கூட்டர் வாசலில் இருமி நின்றதும், "தலையெண்ணி வந்தாச்சு, தலைய ஒளிச்சு வைங்கடா" என்று யாராவது கத்துவார்கள். "உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் பரவால்ல, காலித் தலைன்னு எழுதிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் படியேறுவாள்.

ஒன்றுதானே, போகட்டும் என்று விட முடியாது. அந்தத் திட்டம் எப்படி நடக்கிறதென்று தெரிந்தால்தான் அது புரியும். நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் அறை என்பது கட்டடத்தின் கணக்கு. எத்தனை பிள்ளைகள் என்பதற்கு இரண்டு எண்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் விழுந்த குறிகள் ஒன்று, அறையில் எண்ணிய தலைகள் இன்னொன்று. கணக்கெடுப்பாளர் இரண்டையும் மாதம் ஒருமுறை கையடக்கக் கணினியில் ஏற்றுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் "பொருந்தியது" என்று பச்சையில் வரும், அஸ்திவாரம் தோண்டலாம். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் "பொருந்தவில்லை" என்று சிவப்பில் வரும், சிமெண்ட் மூட்டை லாரியிலேயே நிற்கும். மூன்று மாதம் சிவப்பில் நின்றால் பள்ளி திட்டத்திலிருந்து கழற்றிவிடப்படும்.

தலையெண்ணி எண்ணிக்கையில் தவறு செய்பவள் அல்ல. பிள்ளைகளை எண்ணக் கூடாது, ஏனென்றால் அவர்கள் நகர்வார்கள். காலி இடங்களைத்தான் எண்ண வேண்டும், காலி இடம் பென்சில் கடன் வாங்க எழுந்து போகாது. இது அவளே கண்டுபிடித்த முறை. ஆறாம் வகுப்பில் பத்து பெஞ்சுகள், பெஞ்சுக்கு நான்கு பேர், மொத்தம் நாற்பது இடம். காலி இரண்டு என்றால் தலை முப்பத்தெட்டு. ஆசிரியரின் பதிவேட்டிலோ முப்பத்தொன்பது பேரும் வந்ததாகக் குறி விழுந்திருந்தது. அவரும் பொய் எழுதுகிறவர் அல்ல. இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவர் பதிவேட்டைப் பார்த்தபடியே எண்களைக் கூப்பிடுவார், "உள்ளேன் ஐயா" என்று காதில் விழுந்ததும் குறி போடுவார், தலை நிமிர மாட்டார். முப்பத்தொன்பது எண்களை ஐம்பது விநாடியில் முடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

யாரோ சிநேகிதிக்காகக் குரல் கொடுக்கிறார்கள் என்றுதான் தலையெண்ணி முதலில் நினைத்தாள். அடுத்த நாள் காலை எல்லாப் பிள்ளைகளையும் குழாயடிக்கு அழைத்துப்போய் வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உட்காரச் சொன்னாள். ஆசிரியர் ஒன்றிலிருந்து கூப்பிட்டார். கன்னங்கள் உப்பிய முப்பத்தெட்டு முகங்களிலிருந்து பதிலே இல்லை. இருபத்து மூன்று என்றதும், மூன்றாம் பெஞ்சில் சுவரோரக் காலி இடத்திலிருந்து, லேசாகக் கரகரத்த ஒரு சிறுமியின் குரல், "உள்ளேன் ஐயா" என்றது. அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் தண்ணீரோடு வெளியே வந்து முன் வரிசை நனைந்தது. பதிவேட்டின் ஓரமும் நனைந்தது.

பிள்ளைகளுக்கு இது முன்பே தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. "அவ வேலைக்குப் போயிட்டா மிஸ். குரல் மட்டும் வந்துட்டுப் போகும்" என்றாள் பக்கத்து இடத்துக்காரி. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, "பள்ளிக்கூடம் தொறந்து மூணாம் நாள்லேர்ந்து" என்றாள். "பதில் சொன்னதும் ஓடிரும் மிஸ், கணக்குப் பாடத்துக்குப் பயந்து" என்று பின்னாலிருந்து ஒருவன் சேர்த்துச் சொன்னான். ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இருபத்து மூன்றாம் எண்ணின் தகப்பன் நாலு தெரு தள்ளியிருந்த அட்டைப்பெட்டிப் பட்டறையில் பசை மேஜைக்காரனாக இருந்தவன். அட்டைக் கட்டு சரிந்து இடுப்பில் விழுந்தது. எழுந்து நடக்க முடியாதென்று தெரிந்ததும், வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தால் மேஜை உங்களுக்கு, வராவிட்டால் வேறு ஆளுக்கு என்றார் பட்டறைக்காரர். தாய் ஏற்கெனவே அங்கேதான் மடிப்பு மேஜையில் இருந்தாள். ஆக வந்த ஆள் மகள்.

தலைமையாசிரியை இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பாதி கட்டிய அறைகளுக்கும் சாரக் கம்புகளுக்கும் நடுவே பள்ளி நடத்தி அவருக்கு ஆச்சரியப்படும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "உடம்போட வர்றதுங்க தொல்லையே தாங்க முடியல. இது தண்ணி கேக்குறதில்ல, பக்கத்துல இருக்கிறவளக் கிள்ளுறதில்ல. இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். "நான் விட்ருவேன் மேடம், மெஷின் விடாதே" என்றாள் தலையெண்ணி. விதி தெளிவாகவே இருந்தது. முப்பது வேலை நாள் உடலால் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியரின் கை போகவில்லை. தலையெண்ணியே அடிக்கோலை வைத்து அடித்தாள். கோடு நேராக வந்தது. வியாழக்கிழமை காலை இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்து நான்கு கூப்பிடப்பட்டது. குரல் கேட்கவில்லை. கணினி பச்சையில் "பொருந்தியது" என்றது. மூன்றே நாளில் புதிய அறைக்குக் குழி தோண்டினார்கள். மாதாந்தரக் கூட்டத்தில் மேலதிகாரி அவளை எழுந்து நிற்கச் சொல்லி, இப்படித்தான் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில், பள்ளி வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முழங்கைவரை பசை காய்ந்து மீன் செதில் போல உரிந்துகொண்டிருந்தது.

"நீங்கதான தலையெண்ணி?"

"ஆமா. அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"எம் பொண்ணோட குரல் இங்க இருக்கா?"

மகள் வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது, மருந்து கொடுக்க எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். இதற்கு முன்னாலும் தினமும் காலை ஒன்பது மணிக்குக் குரல் போகும், ஆனால் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடும். "தண்ணி எடுக்கப் போன மாதிரி போயிட்டு வந்துரும்மா. நாங்களும் பழகிட்டோம். அந்த நேரத்துல அவகிட்ட எதுவும் கேக்க மாட்டோம். ஞாயித்துக்கிழம போகாது, அன்னைக்கு லீவுன்னு அதுக்கே தெரியும். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழம போச்சு. இன்னும் வரல." அவள் அழவில்லை. தொலைந்த குடையை விசாரிப்பது போலக் கேட்டுவிட்டு, இடைவேளை முடிவதற்குள் பட்டறைக்கு ஓட வேண்டுமென்று போய்விட்டாள்.

நடந்தது என்னவென்று தலையெண்ணிக்கு அங்கே நின்றபடியே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வியாழக்கிழமை காலை வழக்கம்போலக் குரல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. எண்ணுக்காகக் காத்திருந்தது. எண் வரவில்லை. கூப்பிடாமல் பதில் சொல்லக் கூடாது, பதில் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது. ஒழுங்கான பிள்ளையின் குரல் அது. அதனால் இன்னும் அங்கேயே இருந்தது. மாலையில் எல்லாரும் போன பிறகு அவள் மூன்றாம் பெஞ்சில் காதை வைத்தாள். சுவரோரமாக மூச்சு கேட்டது. நடுவில் ஒருமுறை, இப்போது கூப்பிடுவார்கள் என்பது போல, தொண்டையைச் செருமிக்கொண்டது.

அவள் எண்ணை மனதிலிருந்து சொல்லிக் கூப்பிட்டாள், பதில் இல்லை. தாளில் எழுதி வாசித்தாள், இல்லை. ஆசிரியரை அழைத்துவந்து பதிவேட்டைத் திறந்து அடித்த வரியையே வாசிக்கச் சொன்னாள். அடித்தது அடித்ததுதான், பதில் வரவில்லை. சிவப்பு மையை அழிக்க விதியில்லை. திரும்பச் சேர்க்க விதி உண்டு, ஆனால் பிள்ளை நேரில் வர வேண்டும், வந்து முப்பது வேலை நாள் விடாமல் உட்கார வேண்டும். பசை மேஜையில் ஒரு நாள் ஆளில்லாவிட்டால் மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான், அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அலுவலகத்துக்கு எழுதினாள். உடல் இல்லாத மாணவரைச் சேர்ப்பதற்குப் படிவத்தில் இடமில்லை என்று பதினெட்டாம் நாள் பதில் வந்தது. திரும்ப எழுதினாள். அதே பதில் வந்தது, தேதி மட்டும் மாறியிருந்தது.

ஒருநாள் பட்டறைக்கே போனாள். நீளமான தகரக் கூரை, ஆறு மேஜைகள். வெட்டிய அட்டை ஒரு பக்கமிருந்து வரும். அதன் விளிம்பில் சரியாக இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பசை தடவ வேண்டும். அதிகமானால் வெளியே பிதுங்கும், குறைந்தால் பெட்டி வாய் பிளக்கும். தடவிய அட்டையை உடனே மடிப்பு மேஜைக்குத் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஏழு. சிறுமி எட்டு செய்தாள். ஒல்லியான கழுத்து, காதுக்குப் பின்னால் செருகிய தூரிகை. யார் வந்திருக்கிறார்கள் என்று தாய் சொன்னதும், அவள் கையை நிறுத்தாமல், அடுத்த அட்டையில் பசையாலேயே எழுதிக் காட்டினாள்: கூப்பிட்டாங்களா? தலையெண்ணி இல்லையென்று தலையாட்டுவதற்குள் அந்த அட்டை மடிப்புக்குப் போய்விட்டது. கேள்வி பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டது.

அந்த வருடம் பள்ளியில் இரண்டு அறைகள் எழும்பின. பட்டறையிலும் விரிவாக்கம்தான், ஆறு மேஜை பதினான்கானது. அறைக்குப் பிள்ளை தேடிக்கொண்டிருந்தபோது மேஜைக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது பேரும் ஏழாம் வகுப்பிலிருந்து பதினோரு பேரும் போனார்கள். ஒவ்வொருவரின் குரலும் காலையில் வந்து பதில் சொல்லிவிட்டுப் போயிற்று. காலி பெஞ்சுகளிலிருந்து வரும் பதில்களுக்கு ஆசிரியர் இப்போது தலை நிமிர்ந்து குறி போட்டார், நிமிர்ந்தும் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பெயரையும் அடிக்கக் கூடாது என்று தலையெண்ணி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அடித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். அடிக்காததால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணினி சிவப்பில் நின்றது. இரண்டு மாதம் நின்றது. மூன்றாவது மாத முடிவுக்குள் கணக்கு பொருந்தாவிட்டால் பள்ளியையும் அவளையும் சேர்த்தே திட்டத்திலிருந்து நீக்குவோம், பள்ளி திரும்பச் சேர வேண்டுமானால் புதிதாக வருபவர் அடிக்க வேண்டிய பெயர்களை அடிப்பார் என்று கடிதம் வந்தது. கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொன்ன அதே மேலதிகாரியின் கையெழுத்து.

சிறுமி முதல் மாதங்களில் பேசுவது போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டாள். ஆமாம் என்பதற்கு மேஜையில் தூரிகையால் ஒரு தட்டு, இல்லை என்பதற்கு இரண்டு. ஊமைப் பெண்ணுக்கு வேலை ஓடும், வாயாட மாட்டாள் என்று பட்டறைக்காரர் மற்றவர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொன்னார். படுத்தபடியே கிடந்த தகப்பன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகள் வந்து எதிரே நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். மாதத்தில் ஒருமுறை, தலைகளை எண்ணி முடித்த பிறகு, தலையெண்ணி மூன்றாம் பெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பாள். ஏழாவது மாதத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடியிருந்தது. செருமல் நின்றுபோயிருந்தது.

வருடக் கடைசியில் தளவாடச் சரிபார்ப்பு வரும். பெஞ்சு, நாற்காலி, கரும்பலகை, மணி, எல்லாம் அறைவாரியாக எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். சரிபார்ப்பவர் ஒவ்வோர் அறையிலும் நின்று எண்ணையும் பொருளையும் வாசிப்பார், பொருள் இருந்தால் குறி போடுவார். அந்த வருடம் வந்தவர் ஜலதோஷக்காரர். அறுபது பள்ளிகளைப் பார்த்துக் களைத்தவர். அவருக்கும் பதிவேட்டிலிருந்து தலை நிமிராத பழக்கம் இருந்தது. ஆறாம் வகுப்பறையில் அவர் வாசித்துக்கொண்டு போனார், பின்னால் நின்ற தலைமையாசிரியை இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார். தலையெண்ணி தன் வேலையாகக் காலி இடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்து மூணு. உலக உருண்டை, ஒண்ணு" என்றார் சரிபார்ப்பவர்.

"உள்ளேன் ஐயா" என்றது மூன்றாம் பெஞ்சு.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குறி போட்டுவிட்டு இருபத்து நான்குக்குப் போனார். உலக உருண்டை இரண்டு வருடத்துக்கு முன்பே பிள்ளைகள் காலில் பட்டு உடைந்து குப்பைக்குப் போயிருந்தது. நாலு தெரு தள்ளி, அதே நேரத்தில், சிறுமி தலையைத் திருப்பித் தாயிடம், "பசை தீந்துபோச்சும்மா" என்றாள். தாய் பசை வாளியை எடுக்கக் குனிந்தவள், குனிந்த நிலையிலேயே வெகுநேரம் நின்றாள்.

தலையெண்ணி அன்று வீட்டுக்குப் போகவில்லை, தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்து யோசித்தாள். குரலுக்கு வேண்டியது மூன்று: பள்ளி முத்திரை குத்திய பதிவேடு, அதில் அடிபடாத தன் எண், திறந்துவைத்து அதை வாசிக்கும் ஒரு வாய். எந்தப் பதிவேடு என்று அது பார்ப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் ஆளைத்தான் எழுதலாம், ஆளுக்கு உடம்பு வேண்டும். இருப்புப் பதிவேட்டில் இருப்பதையெல்லாம் எழுதலாம். குரல் இருக்கிறது. கணினி பொருத்திப் பார்ப்பது வருகையையும் தலையையும் மட்டும், இருப்புக்கு அது வேறு பக்கம் வைத்திருக்கிறது. இருப்பு கூடினால் அதற்குச் சந்தோஷம்தான், மேம்பாடு என்று எடுத்துக்கொள்ளும்.

"பிள்ளைய மேஜ நாற்காலியோட எழுதச் சொல்றீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"பிள்ளைய இல்ல மேடம். பிள்ளைக்குத்தான் நம்மகிட்ட இடமில்லையே. குரல."

அவர் ஜன்னல் வழியாகப் புதிய அறைகளைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். இருபத்து மூன்றாம் வரியில், உலக உருண்டைக்குக் கீழே, குரல், ஒன்று, மூன்றாம் பெஞ்சு, சுவரோரம் என்று எழுதினார். நிலை என்ற கட்டத்துக்கு வந்ததும் தயங்கினார். உடைந்தது, பழுது, நன்று என்று மூன்றில் ஒன்றுதான் எழுதலாம். நன்று என்று எழுதினார்.

தாயிடம் தலையெண்ணி சொல்லப்போனபோது அந்தத் தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இதையும் யாராவது அடிச்சிருவாங்களா?"

"அடிக்க முடியாதும்மா. ஒரு நாற்காலிய அடிக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும், வந்து நேர்ல பாக்கணும், ஏன்னு எழுதணும். பிள்ளைய அடிக்கத்தான் ஒரு கையெழுத்து போதும்."

தாய் தலையாட்டினாள். உள்ளேயிருந்து சிறுமி யாரையோ சத்தமாகத் திட்டுவது கேட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் இருபது பெயர்கள் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டன. அடிப்பதற்கு முந்தைய நாளே இருபது குரல்களும் இருப்புப் பதிவேட்டில் அவரவர் எண்ணில் ஏறியிருந்தன. கணினி பச்சைக்குத் திரும்பியது, இரண்டு மாதச் சிவப்புக்குப் பிறகு. அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக ஓர் இருபத்து மூன்று வந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பதில் சொன்னான், பழைய குரல் தன் பதிவேடு திறக்கும்வரை பொறுத்திருந்தது. திட்டம் ஒன்பது வருடம் நடந்தது. மாடி எழும்பியது, அதன் மேல் இன்னொரு மாடி, ஒவ்வோர் அறையிலும் மின்விசிறி. ஒன்பதாம் வருடக் கணக்குப்படி பள்ளியில் தலை எண்பத்தேழு, குரல் இருநூற்று நாற்பத்தாறு. முதல் குரலின் சொந்தக்காரிக்கு அப்போது பதினெட்டு வயது. அவள் பட்டறையில் மேஜைகளுக்கு மேஸ்திரியாகியிருந்தாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு, பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை எந்த இடத்திலிருந்தாலும் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் சும்மா நிற்பாள். பட்டறையின் எல்லா மேஜைகளும் அவளோடு சும்மா நிற்கும். யாரும் ஏனென்று கேட்பதில்லை. தலையெண்ணியின் ஸ்கூட்டருக்கு வயதாகிவிட்டது. அவள் இப்போதும் காலி இடங்களைத்தான் எண்ணுகிறாள், அதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது.

புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு முதல் நாளே வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டை மூடியதும் இருப்புப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அறையின் எண்களை முதலிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். பெஞ்சும் கரும்பலகையும் பதில் சொல்லாது, அவற்றைக் கண்ணால் பார்த்துக் குறி போடலாம். பதில் சொல்பவற்றைக் காதால் கேட்டுக் குறி போட வேண்டும். எந்த எண்ணையும் விடக் கூடாது.